கலாக்சியா: வீட்டிலேயே கட்டப்பட்ட ஒரு கணினியின் வரலாறு

கலாக்சியா என்பது 1983ஆம் ஆண்டு யூகோஸ்லாவியாவில் வோயா அன்டோனிச் என்பவர் வடிவமைத்த 8 பிட் வீட்டுக் கணினியாகும். இது முதலில் கடைக்கு வந்த பொருள் அல்ல. ஓர் அறிவியல் இதழின் சிறப்பு மலரில் மின்சுற்று வரைபடமாகவும் செய்முறை விளக்கமாகவும் அச்சாகி வந்தது. வாசகர்கள் பாகங்களைத் தேடிச் சேர்த்து, மின்சுற்றுப் பலகையில் தாங்களே பற்றவைத்து இதைக் கட்டினார்கள். அவ்வாறு கட்டி முடித்ததாக 8,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த இதழுக்கு எழுதினார்கள். "கலாக்சியா" என்ற சொல்லுக்கு விண்மீன் மண்டலம் என்று பொருள். அது அந்த இதழின் பெயர். கணினிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

கணினி வரலாற்றில் இதைவிட வேகமான, நினைவகம் மிகுந்த வீட்டுக் கணினிகள் அக்காலத்திலேயே பல இருந்தன. ஆயினும் விலைக்கு வாங்க இயலாத ஒரு கருவியை, அதன் வரைபடத்தைப் பொதுவில் வைத்ததன் மூலம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க முடியும் என்று காட்டிய வகையில் கலாக்சியாவுக்குத் தனி இடம் உண்டு.

முன்வரலாறு: கட்டும் கணினிகள்

வீட்டில் கணினி கட்டும் வழக்கம் அமெரிக்காவில் 1970களின் நடுவில் பரவியது. 1975 ஜனவரி மாத "பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்" இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி இடம்பெற்றது. இன்டெல் 8080 நுண்செயலியில் இயங்கிய அதைப் பாகங்கள் அடங்கிய கிட்டாக வாங்கிக் கட்டலாம். அடிப்படை நிலையில் அதற்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முன்பக்கச் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி நிரலை உள்ளிட வேண்டும். சிறு விளக்குகள் எரிவதைப் பார்த்து விடையை அறிய வேண்டும். நினைவகம் 256 பைட்டுகள் மட்டுமே.

அதே ஆண்டு மார்ச் 5ஆம் நாள் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் "ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்" முதன்முறையாகக் கூடியது. அதன் உறுப்பினர்களுள் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள்-1, 1976இல் 666.66 டாலர் விலைக்கு ஒரே மின்சுற்றுப் பலகையாக விற்பனைக்கு வந்தது. மின்மாற்றி, விசைப்பலகை, திரை, பெட்டி ஆகியவற்றை வாங்குபவரே தேடிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 200 பலகைகளே செய்யப்பட்டன.

பிரிட்டனில் 1980இல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்80, கிட்டாக 79.95 பவுண்டுக்கும், கட்டி முடித்த நிலையில் 99.95 பவுண்டுக்கும் கிடைத்தது. 20 பவுண்டு மிச்சம் பிடிக்க விரும்பியவர்கள் தாங்களே பற்றவைத்துக்கொண்டார்கள். 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கிட்டாக விற்கப்படவில்லை. கட்டி முடித்த கணினியே மலிவாகிவிட்டதால், மேற்கு நாடுகளில் வீட்டில் கட்டும் தேவை குறையத் தொடங்கியது. யூகோஸ்லாவியாவில் நிலைமை வேறாக இருந்தது.

யூகோஸ்லாவியாவின் நிலை

சோவியத் அணியில் சேராத சோசலிச நாடு யூகோஸ்லாவியா. அதன் மக்கள் மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்றுவர முடிந்தது. வெளிநாட்டுக் கணினி இதழ்களும் அங்கே கிடைத்தன. ஆகவே ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 போன்ற கணினிகளைப் பற்றி இளைஞர்கள் படித்து அறிந்திருந்தார்கள்.

ஆனால் 1980களின் தொடக்கத்தில் நாடு கடன் சுமையிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டிலும் சிக்கியிருந்தது. தனிநபர் இறக்குமதிக்கு 50 ஜெர்மன் மார்க் என்ற மதிப்பு வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. அன்றைய மாற்று மதிப்பில் அது பன்னிரண்டு, பதின்மூன்று பவுண்டுக்குச் சமம். ஸ்பெக்ட்ரத்தின் தொடக்க விலையோ 125 பவுண்டு. அதாவது, மிக மலிவான நல்ல வீட்டுக் கணினியே வரம்பைப் போல் பத்து மடங்கு விலையில் இருந்தது. பலர் இத்தாலியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் மேற்கு ஜெர்மனியிலிருந்தும் கணினிகளைச் சுங்க அதிகாரிகள் கண்ணில் படாமல் எடுத்து வந்தார்கள். உள்நாட்டில் இஸ்க்ரா டெல்டா போன்ற நிறுவனங்கள் கணினிகள் செய்தன என்றாலும், அவை அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் உரியவை. ஒரு மாணவரோ, பள்ளி ஆசிரியரோ தம் பணத்தில் வாங்கக்கூடியவை அல்ல.

இந்த விதியில் ஓர் இடைவெளி இருந்தது. முழுக் கணினி வரம்பை மீறும். தனித்தனிச் சில்லுகள் மீறா. பாகங்களைச் சிறு சிறு பொதிகளாக வரவழைக்கலாம். அவற்றைக் கணினியாக்கும் அறிவு மட்டும் உள்நாட்டில் கிடைத்தால் போதும்.

ரிசானில் தோன்றிய எண்ணம்

1952இல் பிறந்த வோயா அன்டோனிச் பெல்கிரேடில் வாழ்ந்த மின்னணுப் பொறியாளர், எழுத்தாளரும்கூட. பனிச்சறுக்குப் போட்டிகளில் நேரம் கணக்கிடும் "அர்பிட்டார்" என்ற கருவியை அதற்கு முன்பே வடிவமைத்திருந்தார்.

1983ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்கு அவர் மனைவியுடன் மொண்டெனேக்ரோவின் கோட்டோர் வளைகுடாக் கரையிலுள்ள ரிசான் என்ற ஊருக்குச் சென்றார். அங்கே ஹோட்டல் தெயுத்தாவில் தங்கியிருந்தபோது, ஆர்சிஏ நிறுவனத்தின் சிடிபி1802 என்ற நுண்செயலியின் கையேட்டைப் படித்தார். திரையில் படம் வரைவதற்கெனத் தனிச் சுற்று இல்லாமல், நுண்செயலியையே அந்த வேலைக்குப் பயன்படுத்தும் முறையை அதில் கண்டார். எளிதாகக் கிடைக்கும் இசட்80 நுண்செயலியைக் கொண்டும் இதைச் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. பெல்கிரேடு திரும்புவதற்கு முன்பே சுற்றின் அடிப்படை வரைபடத்தைத் தாளில் போட்டுவிட்டார்.

இது ஏன் முக்கியமானது என்பதற்கு அன்றைய கணினிகளின் அமைப்பை அறிய வேண்டும். ஒரு வீட்டுக் கணினியில் விலையும் சிக்கலும் மிகுந்த பகுதி பெரும்பாலும் திரைச் சுற்றுதான். கமடோர் போன்ற நிறுவனங்கள் அதற்கெனத் தனிச் சில்லுகளைத் தங்கள் தொழிற்சாலையிலேயே செய்தன. அத்தகைய சில்லு வெளியில் விலைக்குக் கிடைக்காது. சாதாரணச் சில்லுகளால் அதே வேலையைச் செய்ய முயன்றால் பலகை பெரிதாகும், செலவு கூடும், வீட்டில் கட்டுபவர் பிழைசெய்யும் இடங்களும் பெருகும். திரைச் சுற்றைக் குறைத்தால்தான் கணினி சாமானியர் கைக்கு எட்டும்.

இசட்80 செய்த இரட்டை வேலை

இசட்80 நுண்செயலியை ஃபெடரிகோ ஃபாஜின் நிறுவிய ஸைலாக் நிறுவனம் 1976இல் வெளியிட்டது. அதில் மற்ற 8 பிட் செயலிகளில் இல்லாத ஒரு வசதி இருந்தது.

கணினி நினைவகத்தில் இரண்டு வகை உண்டு. முதல் வகை "டைனமிக்" நினைவகம். இது ஒவ்வொரு பிட்டையும் மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக வைத்திருக்கிறது. ஓட்டைக் குடத்து நீர்போல அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டாம் வகை "ஸ்டேட்டிக்" நினைவகம். மின்சாரம் இருக்கும்வரை இது தானாகவே தகவலைக் காக்கும், புதுப்பித்தல் தேவையில்லை.

டைனமிக் நினைவகத்துக்கு உதவியாக, இசட்80 ஒவ்வொரு கட்டளையையும் எடுத்த உடனே, அடுத்து எந்த இடத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற முகவரியைத் தானே வெளியிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்த முகவரி ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். கலாக்சியாவில் அன்டோனிச் பயன்படுத்தியதோ ஸ்டேட்டிக் நினைவகம். அங்கே புதுப்பித்தலுக்கு வேலையே இல்லை. எனவே சும்மா வந்துபோகும் அந்த முகவரியை அவர் திரைக்குத் திருப்பிவிட்டார்.

அது நடக்கும் முறை பின்வருமாறு:

திரையில் ஒரு வரிக்கு 32 எழுத்துகள் வீதம் 16 வரிகள், அதாவது மொத்தம் 512 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தின் குறியெண்ணும் நினைவகத்தில் ஒரு பைட்டாக இருக்கும். செயலி ஒரு சிறிய கட்டளையை இயக்கும்போது வெளிவரும் புதுப்பித்தல் முகவரி, அந்த 512 பைட்டுகளுள் ஒன்றைச் சுட்டும். அங்கிருந்து வரும் குறியெண் எழுத்து வடிவங்கள் பதிந்த ஒரு ரோம் சில்லுக்குச் செல்லும். அச்சில்லு அந்த எழுத்தின் ஒரு கிடைக்கோட்டுக்கு உரிய 8 புள்ளிகளைத் தரும். நகர்வுப் பதிவகம் என்ற எளிய சில்லு அப்புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொலைக்காட்சிக்கு அனுப்பும்.

இதில் கணக்கு அழகாகப் பொருந்துவதைக் காணலாம். பலகையிலுள்ள படிகத்தின் அதிர்வெண் 6.144 மெகாஹெர்ட்ஸ், செயலியின் வேகம் அதில் பாதி, 3.072 மெகாஹெர்ட்ஸ். ஆகவே செயலியின் ஒரு துடிப்பில் திரையில் 2 புள்ளிகள் விழும். இசட்80இன் மிகச் சிறிய கட்டளைக்கு 4 துடிப்புகள் தேவை. 4 துடிப்பில் 8 புள்ளிகள். அதுவே ஓர் எழுத்தின் அகலம். ஒரு கட்டளை முடியும்போது ஓர் எழுத்தின் ஒரு கோடு வரைந்து முடிந்திருக்கும். ஓர் எழுத்தின் உயரம் 13 கோடுகள் என்பதால், ஒரே வரியைச் செயலி 13 முறை சுற்றிவர வேண்டும். இப்படி நொடிக்கு 50 முறை முழுத் திரையும் வரையப்பட்டது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. படம் வரையும் நேரத்தில் செயலியால் பயனரின் நிரலை இயக்க முடியாது. திரையின் மேலும் கீழும் உள்ள வெற்றுப் பகுதிகளுக்கான நேரத்தில்தான் நிரல் ஓடும். செயலியின் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு படத்துக்கே சென்றது. கணினி வேகம் குறைந்தது. ஆனால் கட்டுவதற்கு எளிதாயிற்று. சின்க்ளேரின் இசட்எக்ஸ்80, இசட்எக்ஸ்81 கணினிகளும் செயலியைக் கொண்டே படம் வரைந்தன. அவற்றில் கையாளப்பட்ட வழி மட்டும் வேறு.

இதழில் வெளிவந்த கணினி

அன்டோனிச் இந்த வடிவமைப்பை ஒரு நிறுவனத்துக்கு விற்க முயலவில்லை. எவரும் கட்டிக்கொள்ளும்படி முழுமையாக வெளியிடவே விரும்பினார். அதே வேளையில் "கலாக்சியா" என்ற அறிவியல் இதழ் வீட்டுக் கணினிகளைப் பற்றிய சிறப்பு மலர் ஒன்றைத் திட்டமிட்டிருந்தது. அதை எழுதும் பொறுப்பு, அப்போது இருபது வயதான தேயான் ரிஸ்தானோவிச் என்ற இளைஞரிடம் இருந்தது. இதழின் யோவா ரெகாசெக் இருவரையும் சந்திக்க வைத்தார்.

"உங்கள் வீட்டில் கணினிகள்" என்று பொருள்படும் தலைப்புடன் அச்சிறப்பு மலர் 1984 ஜனவரி இதழாக வெளிவந்தது. கணினி என்றால் என்ன, பேசிக் மொழியில் நிரல் எழுதுவது எப்படி, சந்தையில் உள்ள கணினிகள் எவை என்பனவற்றோடு, கலாக்சியாவின் முழு வரைபடமும் கட்டும் முறையும் அதில் இருந்தன. முதல் அச்சு விரைவில் தீர்ந்தது. மறுபடியும் அச்சிட்டு, மொத்தம் ஒரு லட்சம் பிரதிகள் வரை விற்றன. சில நூறு பேரோ, மிகுந்தால் ஆயிரம் பேரோ கட்டுவார்கள் என்பதே இதழாரின் எதிர்பார்ப்பு. வந்த கடிதங்கள் அதைப் பல மடங்கு மிஞ்சின.

தேவை பெருகியதால், இஸ்திரியா பகுதியில் உள்ள புயே நகர நிறுவனங்கள் அச்சிட்ட மின்சுற்றுப் பலகைகளையும் விசைப்பலகைகளையும் செய்து வழங்கின. வாசகர்கள் அவற்றைக் கிட்டாக வரவழைக்கலாம், அல்லது ஒவ்வொன்றையும் தாமே தேடிக்கொள்ளலாம்.

பலகையிலிருந்து கணினி வரை

கலாக்சியாவின் பாகங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு இசட்80ஏ செயலி; இயக்க நிரலும் பேசிக் மொழியும் அடங்கிய 4 கிலோபைட் 2732 இபிரோம் ஒன்று; எழுத்து வடிவங்களுக்கான 2 கிலோபைட் 2716 இபிரோம் ஒன்று; 2 கிலோபைட் கொள்ளும் 6116 ஸ்டேட்டிக் ராம் சில்லு ஒன்று முதல் மூன்று வரை; இவற்றை இணைக்கும் 74 வரிசைச் சாதாரணச் சில்லுகள் சில. கட்டுபவர் தம் வசதிக்கேற்ப 2 கிலோபைட்டில் தொடங்கி, பின்னர் 6 கிலோபைட் வரை கூட்டிக்கொள்ளலாம். அதற்கான இடம் பலகையிலேயே விடப்பட்டிருந்தது.

பலகை ஒருபக்கச் செம்புத் தகடு கொண்டது. இருபக்கப் பலகையில் கோடுகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கடத்திச் செல்லலாம் என்றாலும் அதைச் செய்யச் செலவு அதிகம். ஒருபக்கப் பலகையில் ஒரு கோடு மற்றொன்றைத் தாண்ட வேண்டிய இடங்களில் மறுபக்கம் வழியாகச் சிறு இணைப்புக் கம்பிகளைப் போட வேண்டும். கலாக்சியாவில் இத்தகைய கம்பிகள் பல. பலகையின் விலை குறைந்ததற்கு ஈடாகக் கட்டுபவரின் கை உழைப்பு கூடியது.

இத்தகைய கணினியைக் கட்டும்போது பொதுவாக ஒரு வரிசையைப் பின்பற்றுவது வழக்கம். உயரம் குறைந்தவற்றை முதலில் பற்றவைக்க வேண்டும்: இணைப்புக் கம்பிகள், பிறகு மின்தடைகள், டையோடுகள், அதன்பின் சில்லுகளுக்கான சாக்கெட்டுகள், இறுதியில் மின்தேக்கிகள். விலை மிகுந்த சில்லுகளை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகுவது பாதுகாப்பானது. பழுதானால் கழற்றி மாற்றலாம். அருகருகே உள்ள இரண்டு கோடுகளை ஈயத்துளி இணைத்துவிட்டதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சில்லுகளைச் செருகும் முன் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். சில்லைத் தலைகீழாகச் செருகினால் அது நொடிப்பொழுதில் கெட்டுவிடும். அதற்கு மாற்றுச் சில்லு வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்த நிலையில் இந்த எச்சரிக்கைகள் மிக அவசியமாயின.

இபிரோம் சில்லில் நிரலைப் பதிக்கத் தனிக் கருவி வேண்டும். சாதாரண வீட்டில் அது இராது. ஆகவே நிரல் பதிந்த சில்லுக்கு மட்டும் கட்டுபவர் பிறரைச் சார்ந்திருந்தார்.

எல்லாம் முடிந்து தொலைக்காட்சியை இணைத்தால், "ரெடி" என்ற ஒற்றைச் சொல் திரையில் தோன்றும். இக்கணினியில் படத்தைச் செயலியே வரைவதால், அந்தச் சொல் தெரிவதற்குப் படிகம், செயலி, ரோம், ராம், எழுத்துச் சில்லு ஆகிய அனைத்தும் சரியாக இயங்க வேண்டும். ஆகவே அது முழுச் சுற்றுக்கும் கிடைத்த சான்றிதழ். மறுபுறம், படம் வராவிட்டால் குறை எங்கே என்று எளிதில் தெரியாது. வரைபடத்தை விரித்துவைத்து, ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்து சென்று தேட வேண்டியதுதான். அவ்வாறு தேடியவர்கள் கணினி எப்படி இயங்குகிறது என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலே கற்றுக்கொண்டார்கள்.

பெட்டியும் தனியே தரப்படவில்லை. மின்சுற்றுப் பலகை செய்யும் அதே செம்புத் தகட்டை அளவுக்கு வெட்டி, ஓரங்களைப் பற்றவைத்துப் பெட்டியாக்கும் முறை செய்முறை விளக்கத்திலேயே இருந்தது. ஒரே வகைத் தகடு உள்ளே சுற்றாகவும் வெளியே கூடாகவும் பயன்பட்டது.

4,096 பைட்டுகளுக்குள் ஒரு மொழி

கலாக்சியாவின் முதல் ரோம் 4 கிலோபைட், அதாவது 4,096 பைட்டுகள். எழுத்துகளாக எண்ணினால், அது அச்சிட்ட ஆங்கில நூலின் இரண்டு பக்க அளவுதான். திரை வரையும் நிரல், விசைப்பலகையைப் படிக்கும் நிரல், கேசட்டில் எழுதும் நிரல், பேசிக் மொழி ஆகிய நான்கும் இதற்குள் அடங்கின.

இந்தப் பேசிக், அமெரிக்காவின் டிஆர்எஸ்-80 கணினியில் இருந்த லெவல் 1 பேசிக்கிலிருந்து மாற்றி அமைக்கப்பட்டது. அதன் மூலம் லீ-சென் வாங் எழுதி இலவசமாகப் பரப்பிய "பாலோ ஆல்டோ டைனி பேசிக்". அந்த மரபிலிருந்து வந்த மூன்றே பிழைச் செய்திகள் கலாக்சியாவில் இருந்தன. கட்டளை புரியாவிட்டால் "வாட்?", கொடுத்த மதிப்பைக் கொண்டு செயல்பட முடியாவிட்டால் "ஹவ்?", நினைவகம் போதாவிட்டால் "சாரி". நீண்ட செய்திகளுக்கு இடமில்லை. எழுத்துச் சரங்களை வைக்க இரண்டே மாறிகள் இருந்தன.

ராமிலும் இதே நெருக்கடிதான். 2 கிலோபைட் கொண்ட கணினியில் 512 பைட்டுகள் திரைக்குப் போய்விடும். எஞ்சிய 1,536 பைட்டுகளில் கணினியின் சொந்தத் தேவைகளும் பயனரின் நிரலும் இடம் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு நெருக்கடியிலும் ஒன்று விட்டுக்கொடுக்கப்படவில்லை. செர்போ-குரோவாசிய மொழிக்கே உரிய, மேற்குறியிட்ட நான்கு எழுத்துகள் எழுத்துச் சில்லில் இடம்பெற்றன. ஆங்கிலச் சிறிய எழுத்துகளே இல்லாத ஒரு கணினியில் இது கவனிக்கத்தக்கது.

வானொலியில் வந்த நிரல்கள்

அக்கால வீட்டுக் கணினிகள் நிரல்களைச் சாதாரண ஒலிநாடாவில் சேமித்தன. சுழியமும் ஒன்றும் ஒலியாக மாறி, காதுக்குக் கீச்சொலியாகக் கேட்கும். கலாக்சியா நொடிக்கு 280 பிட் வேகத்தில் பதிந்தது. 4 கிலோபைட் நிரல் ஒன்றை ஏற்ற ஏறத்தாழ இரண்டு நிமிடம் பிடிக்கும்.

ஒலி என்றால் அதை வானொலியிலும் அனுப்பலாம். ரேடியோ பெல்கிரேடு 202 நிலையத்தில் "வென்டிலேட்டர் 202" என்ற இசை நிகழ்ச்சியை நடத்திய ஸோரான் மோட்லி, ரெகாசெக்கின் யோசனையை ஏற்று இதைச் செய்தார். மோட்லி விமான ஓட்டியாகவும் பணிபுரிந்தவர். நிகழ்ச்சியின் இடையே அவர் அறிவிப்புச் செய்ததும், நேயர்கள் டேப் ரெக்கார்டரில் பதிவுப் பொத்தானை அழுத்துவார்கள். கீச்சொலி முடிந்ததும் அந்த ஒலிநாடாவைக் கணினியில் ஏற்றினால் நிரல் ஓடும். கலாக்சியாவுக்கு மட்டுமின்றி ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 கணினிகளுக்கான நிரல்களும் ஒலிபரப்பாயின. நேயர்கள் எழுதிய நிரல்களும் மற்ற நேயர்களைச் சென்றடைந்தன. ஒலிபரப்பில் இரைச்சல் கலந்தால் நிரல் பழுதாகும் என்பது இதன் குறை. நெதர்லாந்தின் அரசு வானொலியும் அக்காலத்தில் இதே போல நிரல்களை ஒலிபரப்பியது.

சோவியத் நாட்டில் இதே முயற்சி

இதழ் வழியாகக் கணினி பரவியது யூகோஸ்லாவியாவில் மட்டுமல்ல. சோவியத் ஒன்றியத்தில் "ராதியோ" இதழ் 1980களின் தொடக்கத்தில் மிக்ரோ-80 என்ற கணினியின் வரைபடத்தைத் தொடராக வெளியிட்டது. அதற்கு ஏறத்தாழ 200 சில்லுகள் தேவைப்பட்டதால் கட்டி முடித்தவர்கள் குறைவு. அதே இதழ் 1986இல் வெளியிட்ட ராதியோ-86ஆர்கே 29 சில்லுகளிலேயே அடங்கியது. அது பரவலாகக் கட்டப்பட்டது. சில்லுகளின் எண்ணிக்கை குறையும்போது கட்டுபவர்களின் எண்ணிக்கை கூடுகிறது என்பதை இரண்டு நாட்டு அனுபவமும் காட்டுகின்றன.

பிற்கால நிலை

கிட்டுகளைத் தொடர்ந்து, பாடநூல் நிறுவனம் ஒன்றின் முயற்சியால் ஆலையில் கட்டி முடித்த கலாக்சியாக்களும் வந்தன. 1985இல் 256 × 208 புள்ளி வரைகலை, மூன்று குரல் ஒலி, 48 கிலோபைட் நினைவகம் கொண்ட கலாக்சியா பிளஸ் உருவானது. ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. ஓராவ், பெகோம், கலேப், லோலா போன்ற பிற உள்நாட்டுக் கணினிகள் வந்தன. வெளிநாட்டுக் கணினிகளை நாட்டுக்குள் கொண்டுவருவதும் எளிதாயிற்று. விளையாட்டு நிரல்கள் மிகுந்த ஸ்பெக்ட்ரத்துக்கும் கமடோர் 64க்கும் முன்னால் கலாக்சியா நிற்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் யூகோஸ்லாவியாவே சிதறியது.

சிறப்பு மலர் "ராச்சுனாரி" என்ற தொடர் இதழாக வளர்ந்தது. ரிஸ்தானோவிச் கணினி எழுத்தாளராகத் தொடர்ந்ததோடு, 1989இல் "செசாம்" என்ற தொலைபேசி வழித் தகவல் பலகையின் தொடக்கத்திலும் பங்கேற்றார். அன்டோனிச் 1990களில் தம்மிடம் இருந்த முன்மாதிரிகளைத் தூக்கி எறிந்துவிட்டார். அவற்றுக்கு ஒரு காலத்தில் மதிப்பு வரும் என்று அப்போது எவரும் எண்ணவில்லை. இன்று பெல்கிரேடு அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் ஒரு கலாக்சியா காட்சிக்கு உள்ளது.

வரைபடங்களும் ரோம் உள்ளடக்கமும் வெளிப்படையாகக் கிடைப்பதால், பழங்கணினி ஆர்வலர்கள் இன்றும் புதிய பலகைகளை அச்சிட்டுக் கலாக்சியாவைக் கட்டுகிறார்கள். அவர்களுக்கு உள்ள சிக்கல் சுங்க வரம்பு அல்ல, பாகங்களின் வயது. 2732, 6116 போன்ற சில்லுகளைப் பழைய கருவிகளிலிருந்து கழற்றியோ, மிச்ச இருப்பிலிருந்தோ பெற வேண்டியுள்ளது. ஸைலாக் நிறுவனமும் தனித்த இசட்80 செயலிகளுக்கான இறுதி ஆணைகளை 2024 ஜூன் மாதத்துடன் நிறுத்திக்கொண்டது.

மதிப்பீடு

கலாக்சியாவின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரே கேள்விக்கான விடை தெரிகிறது: வீட்டில் கட்டுபவரால் இதைச் செய்ய முடியுமா? திரைச் சுற்றை நீக்கியது, ஒருபக்கப் பலகையைத் தேர்ந்தது, நினைவகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட விட்டது, பெட்டியையும் பலகைத் தகட்டிலேயே செய்யச் சொன்னது ஆகிய யாவும் அதைக் கருதியே. வேகத்தையும் வசதியையும் வடிவமைப்பாளர் அறிந்தே விட்டுக்கொடுத்தார்.

வடிவமைப்பு மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. எளிய மொழியில் விளக்கிய இதழ், பலகை செய்து தந்த சிறு நிறுவனங்கள், நிரல்களைப் பரப்பிய வானொலி, தம் அனுபவத்தை எழுதி அனுப்பிய வாசகர்கள் ஆகிய அனைவரும் சேர்ந்ததால்தான் ஒரு வரைபடம் ஆயிரக்கணக்கான கணினிகளாயிற்று. இன்று திறந்த வன்பொருள் என்று அழைக்கப்படும் முறையின் பல கூறுகள், அந்தப் பெயர் வழங்குவதற்கு முன்பே இம்முயற்சியில் இருந்தன. கட்டியவர்களுக்கு 1984இல் கிடைத்தது சில கிலோபைட் நினைவகம் கொண்ட சிறு கணினிதான். ஆயினும் அதன் ஒவ்வொரு சில்லும் எதற்காக அங்கே இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். விலைகொடுத்து வாங்கிய கணினிகளைப் பற்றி அவற்றின் உரிமையாளர்கள் அனைவரும் அவ்வாறு சொல்லிவிட முடியாது.